ஒட்ட மறுத்த கை

அத்தியாயம் 9

"வாயை மூடு வாலு" என்றார் மேடம்.

நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. பல் வலி தாங்காமல் வாயைத் திறந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கீழ்த்தாடை, வலது பக்கம், கடைசிப் பல். நாலு நாளாக அது என் உயிரை வாங்குகிறது. பல் டாக்டரிடம் போ, போ என்று மேடமும் நாலு நாளாக என் உயிரை வாங்குகிறார். கத்தி, துப்பாக்கி, வீட்டு ஓனர் எதற்கும் அஞ்சாதவன் நான். அந்தச் சாய்வு நாற்காலி என்றால் மட்டும் குலை நடுங்கிவிடும். எங்கள் ஆபீசில் மேடம் துப்பறிவார், நான் பேசுவேன். இன்று பேச்சும் போய்விட்டதால் என்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

நாங்கள் நின்றிருந்தது ஒரு சின்ன வேலை அறை. அறைக்குச் சொந்தக்காரி காணாமல் போய் இன்றோடு மூன்று நாள். எதிரே அவருடைய தங்கை, ஒரு கையில் அட்டைப்பெட்டியும் மறு கையில் பிரிக்காத புது இன்ஹேலருமாக நின்றாள். அழுது முடித்த முகம்.

"அக்காவுக்கு வீசிங் இருக்கு மேடம். அவ ஹேண்ட்பேக்ல இருக்கற இன்ஹேலர் தீரப் போற நிலைமையில இருந்துச்சு. புதுசு இதோ, இங்கயே கிடக்கு. மூணு நாள். இது இல்லாம அவ எப்படி...?"

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?"

"லெட்டர் இருக்கே, வயசு வந்தவங்க, தானா போயிருக்காங்க, தானா வந்துடுவாங்கன்னாங்க."

அந்த லெட்டர் காலையில் அட்டைப்பெட்டிக்குள் வந்திருந்தது. யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்காவின் கையெழுத்துதான். 'பெரிய வேலை ஒன்று. அமைதியாக உட்கார்ந்து முடிக்க வந்திருக்கிறேன். ஞாயிறு கண்காட்சி முடிந்ததும் வருகிறேன். தேடாதே.' நலமாக இருப்பதற்கு அடையாளமாகத் தன் கையால் செய்த ஒரு பொம்மைச் சிப்பாயையும் அனுப்பியிருந்தார். சுண்டுவிரலில் பாதி உயரம். உடைந்த வாள், கிழிந்த அங்கி, வாள் பிடித்த கையின் அங்கியில் ஒட்டுப்போட்ட தையல்கூடத் தெரிந்தது.

ஞாயிறு என்பது இன்று. கண்காட்சி மாலை ஐந்து மணிக்கு.

இந்தச் சிப்பாய்களை வைத்து மேஜைமேல் போர் விளையாடும் கூட்டம் ஒன்று ஊரில் இருக்கிறது. பகடை உருட்டி, இஞ்சு டேப்பால் அளந்து, ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை போடுவார்கள். கம்பெனியிலிருந்து வரும் சிப்பாய்கள் எல்லாம் ஒரே அச்சு. அதன் கையை வெட்டி, வேறு கை, வேறு தலை, வேறு ஆயுதம் செய்து கொடுப்பதுதான் அக்காவின் தொழில். களிமண் மாதிரி இருக்கும் மஞ்சள் புட்டியையும் நீலப் புட்டியையும் சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகும். ஒன்றரை மணி நேரத்துக்குள் செதுக்கி முடித்துவிட வேண்டும், அப்புறம் இறுகிவிடும். அவர் விரல் இடுக்கில் எப்போதும் பச்சை ஒட்டியிருக்கும் என்பதால் அந்தக் கூட்டத்தில் அவருக்குப் பெயர் பச்சைவிரல்.

"இந்தச் சிப்பாய்ல ஏதோ சரியில்லன்னு போன்ல சொன்னியே, அது என்னம்மா?" என்றார் மேடம்.

தங்கை, பெட்டியில் வந்த சிப்பாயின் கையைப் பிடித்து இழுத்தாள். டக்கென்று கழன்று வந்தது. தோளில் எள் அளவுக்கு ஒரு காந்தம், கையில் ஒரு காந்தம். ஒரே சிப்பாய்க்கு இன்று வாள், நாளை வேல் என்று மாற்றிக்கொள்ள இந்த ஏற்பாடாம். மேஜையிலிருந்த வேறொரு சிப்பாயின் தோளுக்கு அந்தக் கையைக் கொண்டுபோனாள். கை ஒட்டவில்லை. துள்ளி விழுந்தது.

"காந்தத்தைத் திருப்பி ஒட்டிட்டாங்க போல" என்றேன் தாடையைப் பிடித்துக்கொண்டு. "எனக்கே பல்பு மாட்டும்போது நாலு தடவை தப்பும்."

தங்கை என்னை முறைத்தாள். "அக்காவுக்குத் தப்பாது. யாரோட கையும் யாரோட உடம்புலயும் சேரணும்னு இங்க எல்லாருக்கும் ஒரே முறை. அக்கா காந்தம் வாங்கின அன்னைக்கே ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் சிவப்பு நெயில் பாலிஷ் வச்சிடுவா. உடம்புல ஒட்டும்போது புள்ளி உள்ளே போகும். கையில ஒட்டும்போது புள்ளி வெளியே தெரியும். இதைப் பாருங்க."

மேடம் லென்ஸை எடுத்தார். பெட்டியில் வந்த சிப்பாயின் தோளில் சிவப்புப் புள்ளி பளிச்சென்று வெளியே தெரிந்தது.

"அப்ப இது தப்பில்ல" என்றார் மெதுவாக. "சிவப்பு கண்ணுக்கு முன்னாடி நிக்குது. பார்த்துக்கிட்டேதான் தலைகீழா ஒட்டியிருக்காங்க. லெட்டர்ல எழுத முடியாத எதையோ இதுல எழுதியிருக்காங்க."

"பிடிச்சு வச்சிருக்கறவன் இதைக் கவனிக்கலையா?" என்று கேட்டேன்.

மேடம் மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் கையில்லாத ஒரு சிப்பாய், மேலே ஒரு பெயர்ச்சீட்டு. போர் விளையாட்டுக் கிளப்பில் ஒவ்வொருவருடைய சிப்பாய் உடம்பிலும் ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, செய்யும் கைகளை அதில் ஒட்டிப் பார்ப்பாராம் அக்கா.

மேடம் அந்தக் கையை இடுக்கியால் எடுத்து ஒவ்வொரு தோளாகக் கொண்டுபோனார். முதலாவது தள்ளியது. இரண்டாவதும் தள்ளியது. தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். பதிமூன்றும் தள்ளின.

பதினாலாவது கட்டத்தில் பெயரும் இல்லை, பொம்மையும் இல்லை. மேடம் அதில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"கிளப்ல மொத்தம் எத்தனை பேர்?"

"அக்காவை விட்டுட்டுப் பதினாலு. ஆனா பல் டாக்டருக்கு அக்கா எதுவும் செஞ்சதில்ல. அவரே பெரிய சிற்பி. மூணு வருஷமா கண்காட்சியில அவருக்குத்தான் பரிசு. அந்தக் கட்டம் சும்மாதான் கிடக்கும்."

"சும்மா கிடக்கற கட்டத்துல ஏம்மா தூசியே இல்ல?" என்றார் மேடம்.

பல் டாக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் என் கடைசிப் பல் விண்ணென்று தெறித்தது.

*

தங்கைக்குச் சந்தேகமெல்லாம் இந்தச் சிப்பாய் பொம்மைகளை விற்கும் கடைக்காரர்மேல். கண்காட்சியும் அவர் கடையில்தான். போன வாரம் அக்காவுக்கும் அவருக்கும் கடை வாசலிலேயே பலத்த வாக்குவாதமாம். உள்ளங்கையில் இரண்டு பகடைகளை உருட்டிக்கொண்டே இருப்பதால் அவருக்குப் பகடை என்றே பெயர். நாங்கள் போனபோது கண்காட்சிக்கு மேஜைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மணி ஒன்றே முக்கால்.

"சண்டையெல்லாம் இல்லீங்க. 'ஞாயித்துக்கிழமை மேடை ஏறி எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லப் போறேன்'னாங்க. என்னன்னு கேட்டா சொல்லல. கண்காட்சி கெட்டுடும், வேண்டாம்னு கொஞ்சம் சத்தம் போட்டேன். அவ்வளவுதாங்க."

சொல்லும்போது பகடை உருளவில்லை. பயந்திருந்தார். பயம் எதற்கு என்பதுதான் கேள்வி.

சுவரோரம் கண்ணாடிப் பெட்டி ஒன்று, உள்ளே விளக்கு. அறுபது சிப்பாய்கள் அணிவகுத்து நின்றனர். கீழே தங்க நிற எழுத்தில் 'பல் டாக்டரின் பட்டாளம்'.

"இதைத் திறங்க" என்றார் மேடம்.

"ஐயோ, டாக்டர் யாரையும் தொட விடமாட்டார்."

"தொடுறதுக்குத்தாங்க வந்தோம். முத்தம் கொடுக்க இல்ல" என்றேன். வலியிலும் வாய் சும்மா இருக்கவில்லை.

சாவி திரும்பியது. மேடம் முன்வரிசைச் சிப்பாய் ஒருவனின் கையைக் கழற்றிவிட்டு, பெட்டியில் வந்த கையை அந்தத் தோளுக்கு அருகே கொண்டுபோனார். அரை அங்குலம் இருக்கும்போதே அது இடுக்கியிலிருந்து தாவியது.

டக்.

பகடைக்காரர் வாயில் கை வைத்தார்.

"அவர் புதுசா வந்தப்ப முறை தெரியாம அறுபது உடம்புலயும் காந்தத்தைத் தலைகீழா ஒட்டிட்டாருங்க. பிடுங்கி ஒட்டுங்கன்னு எத்தனையோ பேர் சொன்னாங்க. கேட்கல. 'என் பட்டாளத்துக்கு என் கை மட்டும் போதும்'னு ஜம்பமா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். அப்புறம் நாங்களும் அதை மறந்தே போயிட்டோம்."

"அதான் பெட்டியை அனுப்பறதுக்கு முன்னாடி அவர் கண்ணுல படல" என்று மேடம் என் பக்கம் திரும்பினார். "கையை ஒட்டிப் பார்த்திருப்பார். தன் பொம்மைல ஒட்டற மாதிரியே ஒட்டியிருக்கும். சந்தேகம் எப்படி வரும்?"

அடுத்து அவர் அந்த அறுபது சிப்பாய்களின் கைகளை மூடிய அங்கிகளை லென்ஸால் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அதே ஒட்டுத் தையல். தங்கை அதைப் பார்த்ததும் அழுகையும் ஆத்திரமுமாகக் கத்திவிட்டாள். "இதெல்லாம் அக்கா கை மேடம்! மூணு வருஷமா எங்க அக்கா செஞ்சதை இந்த ஆள் தன் பேர்ல வச்சிருக்கான்!"

"தூசி இல்லாத அந்தக் கட்டத்துல இருந்ததும் இவர் பொம்மையாத்தான் இருக்கும். அதைத்தான் இன்னைக்கு மேடையில சொல்றதா இருந்தாங்க" என்றார் மேடம். "இப்ப அவங்களை வச்சே இன்னைக்குக் கண்காட்சியில வைக்கப்போற பொம்மையை முடிக்கிறார். அது முடிஞ்சிட்டா அவங்க தேவையில்ல. 'கண்காட்சி முடிஞ்சதும் வருவேன்'னு எழுத வச்சவர் நிஜமாவே திருப்பி அனுப்புவார்னு நம்புறியா?"

மேடம் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். ஒரு பொம்மைக் கை ஒட்டியதற்காக டாக்டரின் கிளினிக்கைச் சோதனை போட முடியுமா என்று மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. ஆள் அனுப்புகிறேன், அரை மணி ஆகும் என்றார் கடைசியில்.

"ஞாயித்துக்கிழமை கிளினிக் மூணு மணி வரைக்கும்தான்" என்றார் பகடைக்காரர்.

மேடம் என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிந்துவிட்டது.

"மேடம், வேண்டாம். வேற ஏதாவது வழி..."

"வண்டியை எடு வாலு."

*

கிளினிக் வரவேற்பறையில் எங்களைத் தவிர யாருமில்லை. மேஜையிலிருந்த பெண் என் கன்னத்தைப் பார்த்ததுமே உச்சுக் கொட்டினாள்.

"எக்ஸ்ரே எடுக்கணுமாம்மா?" என்றார் மேடம் அப்பாவியாக.

"எடுக்கணும்னா வெளியிலதான். எக்ஸ்ரே ரூம் மூணு நாளா ரிப்பேர். கதிர் கசியுது, யாரும் பக்கத்துல போகக்கூடாதுன்னு டாக்டர் பூட்டி வச்சிருக்கார். நர்ஸுக்குக்கூட லீவு கொடுத்துட்டார். அவரே தனியா அல்லாடறார், பாவம்." குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "அதனாலயோ என்னவோ, மூணு நாளா மத்தியானம் ரெண்டு பொட்டலம் சாப்பாடு வாங்கச் சொல்றார்."

தங்கையின் விரல்கள் இன்ஹேலரை இறுக்கின. மேடம் அவள் தோளில் கை வைத்து உட்கார வைத்தார்.

கதவு திறந்தது. "அடுத்தது வரலாம்!" டாக்டருக்கு அத்தனை இனிமையான குரல். வெள்ளைக் கோட்டு, பளபளக்கும் பற்கள். தங்கையைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, "அக்காகிட்ட இருந்து தகவல் ஏதாவது வந்துச்சாம்மா?" என்று விசாரித்தார்.

"லெட்டர் வந்துச்சு டாக்டர்" என்றாள் அவள். எப்படித்தான் அழாமல் சொன்னாளோ தெரியவில்லை.

நாற்காலி என்னைச் சாய்த்தது. ஊசி, பஞ்சு, உறிஞ்சு குழாய். ஐந்து நிமிடத்தில் பாதி முகம் மரத்து, நாக்கு எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என்னால் பேச முடியாத நிலைமை. அந்த நேரம் பார்த்துத்தான் சொல்வதற்கு விஷயம் கிடைத்தது.

ட்ரில் நின்ற ஒரு நொடியில், என் தலைக்குப் பின்னால் இருந்த சுவரில் யாரோ தட்டினார்கள். டொக். டொக்.

டாக்டர் உடனே ட்ரில்லை ஓட விட்டார். அது என் பல்லில் இல்லை, காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தினார். மறுபடி டொக். இந்த முறை தட்டலுக்குப் பின்னால் இன்னொரு சத்தமும் வந்தது. விசில் மாதிரி ஒரு மூச்சு, இழுத்து இழுத்து, பாதியில் அறுந்து போகிற மூச்சு. மறுபடி ட்ரில்.

கத்த வேண்டும். "ஆ... ஆ..." என்றேன்.

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்றார் டாக்டர் கனிவாக.

இடது கையைத் தூக்கினேன், வலது கையைத் தூக்கினேன், காலையும் தூக்கினேன். "பயப்படாதீங்க, ஆச்சு, ஆச்சு" என்று தட்டிக் கொடுத்தார். கோபத்தில் என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அங்கே ஒரு மனுஷி மூச்சுக்குத் திண்டாடுகிறார், நான் இங்கே குழந்தை மாதிரி கை காலை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

கதவு திறந்தது. மேடம்.

"வெளியே உட்காருங்க, ப்ளீஸ்."

"ஒரு சின்ன சந்தேகம் டாக்டர்." மேடம் உள்ளங்கையை விரித்தார். கண்ணாடிப் பெட்டியிலிருந்த சிப்பாய், கையில்லாமல். மறு உள்ளங்கையில், அக்கா அனுப்பிய கை. இரண்டையும் மெல்ல அருகே கொண்டுவந்தார்.

டக்.

டாக்டரின் முகத்தில் எதுவும் மாறவில்லை. ட்ரில்தான் என் உதட்டுக்கு அரை அங்குலம் மேலே வந்து நின்றது. அவருடைய இடது ஆள்காட்டி விரல் என் கன்னத்தை உள்ளிருந்து இழுத்துப் பிடித்திருந்தது.

"அசையாதீங்க மேடம். என் கை நடுங்கினா உங்க ஆளோட நாக்கு போயிடும்."

"அந்த ரூம் சாவியைக் கொடுங்க."

"கொடுத்துட்டு? மேடையில ஏறி அவ என்னைக் கேவலப்படுத்தணுமா? பேர் வாங்கத் தெரியாதவளுக்கு எதுக்கு அந்தக் கை? நான் இல்லன்னா அதெல்லாம் இழுப்பறைலயே கிடந்திருக்கும்!"

சொல்லும்போது, தன்னை அறியாமல் ட்ரில் பிடித்த கையை அந்தப் பொம்மைப் பக்கம் நீட்டிவிட்டார். இரண்டு அங்குலம். எனக்கு அது போதும்.

கடித்தேன்.

மரத்துப்போன பக்கத்தை நம்பவில்லை. நல்ல பக்கத்துப் பற்கள் அத்தனையும் சேர்த்து, நாலு நாள் வலிக்கும் சேர்த்து வட்டி போட்டுக் கடித்தேன். டாக்டர் அலறியதில் வரவேற்பறைப் பெண் ஓடி வந்தாள். ட்ரில் தரையில் விழுந்து சுற்றியது. மேடம் அதற்குள் அவர் கோட்டுப் பையிலிருந்து சாவிக்கொத்தை உருவிவிட்டார். நான் விரலை விடவில்லை. வாசலில் போலீஸ் ஜீப் சத்தம் கேட்டு, கான்ஸ்டபிள் வந்து என் தாடையைத் தட்டிக் கெஞ்சிய பிறகுதான் விட்டேன்.

எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தது. ஜன்னல் இல்லாத அறை. மேஜை விளக்கு ஒன்று, அதன் வெளிச்சத்தில் பொம்மைகளைத் தேய்த்த ரெசின் பிளாஸ்டிக் தூசி புகையாக மிதந்தது. உப்புத்தாள், புட்டி, கத்தி. மூக்கில் கிழித்த துணியைக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து அக்கா உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கையில் இருந்த ஸ்குரூ டிரைவரால் இன்னும் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் வந்துவிட்டது அவருக்குத் தெரியவில்லை.

"அக்கா!"

தங்கை துணியைப் பிய்த்து எறிந்து இன்ஹேலரை வாயில் வைத்தாள். ஒன்று. எதுவும் உள்ளே போனதாகத் தெரியவில்லை. இரண்டு. "இழுக்கா, இழுத்துடுக்கா..." மூன்றாவதில் அக்காவின் மார்பு ஏறி இறங்கியது. நாங்கள் தூக்கி வரவேற்பறைக் காற்றில் கிடத்தினோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்துவிட்டது.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அக்கா தங்கையின் கையைப் பிடித்து நிறுத்தினார். குரல் காற்றாக வந்தது.

"எத்தனை உடம்புல... ஒட்டிப் பார்த்தே?"

"பேசாதேக்கா. டிராயர்ல இருந்த பதிமூணு பேர்லயும் பார்த்தோம்."

"பதிமூணும்... தள்ளிச்சா?"

"எல்லாம் தள்ளிச்சுக்கா. ஒண்ணு விடாம."

அக்காவின் முகத்தில் சிரிப்பு வந்தது. இருமல் வந்து அதைக் குலைத்தது. மறுபடி சிரித்தார்.

"அப்ப சரி" என்றார். "நம்ம வேலைல... ஒண்ணுகூடத் தப்பு இல்ல."

ஆம்புலன்ஸ் கதவு மூடியது. பாதி துளைத்த பல்லோடு, மரத்த வாயோடு நான் வாசலில் நின்றேன். அந்தப் பொம்மை இன்னும் மேடத்தின் உள்ளங்கையில் இருந்தது. அவர் அதிலிருந்து அக்கா செய்த கையை மெல்லக் கழற்றி எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, தன் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். கையில்லாத சிப்பாயைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார்.

"இது மட்டும்தான் டாக்டரோடது" என்றார்.